தவிர்க்க வேண்டியவர் யார்?

கருவுற்ற தாய்மார்களின் நலன் கருதி வெளியிடப்படும் துண்டறிக்கை எதனை எடுத்துப் பார்த்தாலும், உண்ணத்தக்கவை பற்றிய சில வரிகளுக்குப் பின்னர், தவிர்க்கத்தக்கவை பற்றிய நீண்ட பட்டியல் ஒன்று இடம்பெற்றிருப்பதைக் காணலாம். புகையிலையைத் தவிர்க்கவும், மதுவைத் தவிர்க்கவும், புகை சூழ்ந்த இடங்களைத் தவிர்க்கவும், கடின வேலையைத் தவிர்க்கவும், தூய்மையற்ற நீரைத் தவிர்க்கவும், மனக்கவலையைத் தவிர்க்கவும். இவ்வகை அறிக்கைகளைத் தமிழாக்குவது என் அலுவல். 'தவிர்க்கவும்' என்னும் ஏவலில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. எழுதப்படாத அவ்வெழுவாய் கருவுற்ற பெண்ணே என்று எழுதுவோரும் படிப்போரும் கொண்டுவிடுகின்றனர். மேற்கூறிய ஆறனுள் அவள் தானே முடிவு செய்து தவிர்க்கக் கூடியவை இரண்டுக்கு மேல் இரா. அடுப்பைத் தேர்ந்தவள் அவளல்லள். குடிநீர்க் குழாய் எந்தச் சாக்கடையை ஒட்டிச் செல்கிறது என்பதை அவள் அறியாள். செங்கற் சூளையிலோ நாற்றங்காலிலோ நாட்கூலிக்குச் செல்பவள், வேலை கடினமானது என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

பட்டியலிலுள்ள செய்திகள் பெரும்பாலும் சரியானவையே. அவற்றை யாரிடம் சொல்லுகிறோம் என்பதிலேதான் பிழை இருக்கிறது என்பது என் கருத்து. களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்முடைய அறிக்கை வீட்டுக்குள் நுழையும் முன்னரே அங்கே வேறொரு பட்டியல் இருக்கிறது. அது பாட்டியிடமிருந்து மாமியாருக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வழிவழியாக வந்தது, அச்சிடப்படாதது, ஆனால் நம்முடையதைவிடக் கண்டிப்பானது.

அந்தப் பட்டியலை எள்ளி நகையாடுதல் தகாது. பப்பாளியை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் கருவுற்றவளுக்கு விலக்கப்பட்ட கனி இது. பப்பாளிக்காயின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டென்பதும், நன்கு பழுத்த பழத்தில் அத்தன்மை காணப்படவில்லை என்பதும் சிங்கப்பூரில் எலிகளைக்கொண்டு நடத்தப்பெற்று 2002-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தன. எலியைக் கொண்டு மனிதரைப் பற்றி முடிந்த முடிபாக எதையும் சொல்ல இயலாது. ஆயினும், பாட்டியின் விலக்கில் ஓர் உண்மை இருந்தது என்பதும், அது காயிலிருந்து பழத்துக்கும் பரவிவிட்டது என்பதும் விளங்குகின்றன. காயையும் பழத்தையும் வெவ்வேறு சொல்லால் வழங்கும் தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்லுவது எளிது. அறிக்கை எழுதுவோர் அந்த ஒரு சொல்லை விட்டுவிடாமல் இருந்தால் போதும். அன்னாசி, எள் முதலியவற்றை வழக்கமான அளவில் உண்பதால் தீங்கு உண்டென்பதற்குச் சான்றில்லை. கிரகண வேளையில் நீரும் உணவுமின்றி இருட்டறையில் இருத்துவதற்கும் சான்றில்லை. ஏழெட்டு மாதக் கர்ப்பிணிக்குக் கோடைப் பகலில் பல மணி நேரம் நீர் மறுத்தலே தீங்காகும்.

இவையெல்லாம் சிறியவை. பெரியது ஒன்று உண்டு. அது ஒரு பண்டத்தைப் பற்றியதன்று. உணவின் அளவையே பற்றியது. மிகுதியாக உண்டால் குழந்தை பெரிதாகும், பெரிதானால் பிரசவம் கடினமாகும் என்னும் அச்சத்தால், கடைசி மாதங்களில் உணவைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டின் பல பகுதிகளில் உண்டு. தென் கன்னட மாவட்டத்து ஊர்ப்புறங்களைப் பற்றி 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயிற்றினுள் உணவுக்கும் குழந்தைக்கும் இடப்போட்டி நிகழ்வதாக அங்குள்ள பெண்கள் கருதியதைப் பதிவுசெய்தது. வயிறு நிறைந்தால் குழந்தைக்கு இடமில்லை என்பது அவர்கள் கணக்கு. குழந்தை வளர்வது இரைப்பையில் அன்று, கருப்பையில் என்பதை ஒரு படம் வரைந்து காட்டினால் எட்டாம் வகுப்பு மாணவிக்கும் இது விளங்கிவிடும். ஆனால் படத்தால் மட்டும் அச்சம் தீராது. குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால் தாயும் சேயும் மாள்வதைத் தவிர வேறு கதியில்லாத காலத்தில் தோன்றிய எச்சரிக்கை இது. அறுவை செய்யும் மருத்துவமனை நாற்பது கல் தொலைவில் இருந்த நாளில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. ஆகவே மாமியாரிடம் பேசும் பணியாளர், 'உங்கள் அச்சம் மூடத்தனம்' என்று தொடங்குதல் கூடாது. 'அம்மா, நீங்கள் அஞ்சுவது பிரசவச் சிக்கலுக்குத்தானே? வலி கண்டவுடன் எந்த ஊர்தியில், எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்வோம். மருமகள் சோற்றைக் குறைக்க வேண்டா' என்று தொடங்குதல் பயன் தரும். எடை குறைந்து பிறக்கும் குழந்தை எளிதில் பிறக்கலாம்; ஆனால் எளிதில் நோயுறும், எளிதில் இறக்கும்.

கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழியங்கும் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, கருவுற்ற பெண்ணுக்கு நாள்தோறும் வழக்கத்தைவிட 350 கிலோகலோரி கூடுதலாக வேண்டும். புரதம் இடை மூன்று மாதங்களில் 9.5 கிராமும், கடை மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். எந்தக் காலத்தில் தேவை உச்சமடைகிறதோ, அதே காலத்தில்தான் வீட்டு வழக்கம் அவள் தட்டைக் குறைக்கிறது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருவுற்றிருந்த பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உற்றிருந்தனர்.

இரத்தசோகையைப் பற்றிப் பேசுங்கால், இந்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கலாம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928-இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய ஒருவகைக் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களில் பலர் துணி ஆலைத் தொழிலாளர் குடும்பத்தினர். நோய்க்குக் காரணமான கிருமி ஏதேனும் உண்டோ என்று தேடியும் கிட்டவில்லை. மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் பெண்கள் தேறினர். இதனை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்து 1940-களில் இனங்காணப்பட்டு ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் பெற்றது. உடலினுள் புகுந்த பொருளொன்றால் அப்பெண்கள் நோயுறவில்லை. உணவில் ஒரு பொருள் இல்லாமையால் நோயுற்றனர். விலக்குகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும் அறிக்கைகளைக் காணுந்தோறும் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது.

இனி, உண்மையிலேயே விலக்க வேண்டியவற்றுக்கு வருவோம். முதலாவது புகையிலை. நம் அறிக்கைகள் 'புகைபிடித்தல்' என்று எழுதி அமைதியுறுகின்றன. இந்நாட்டுப் பெண்களில் புகைபிடிப்போர் சிலரே. புகையிலையை வாயில் அடக்குவோரும் மெல்லுவோரும் பல்லில் தேய்ப்போரும் அவர்களினும் மிகப் பலர். மகாராட்டிரத்தில் வறுத்துப் பொடித்த புகையிலையை மிஷ்ரி என்னும் பெயரால் பல் துலக்கப் பயன்படுத்துகின்றனர். ஒடிசாவிலும் சத்தீசுகரிலும் குடாக்கு என்னும் பசை அதே இடத்தைப் பெற்றுள்ளது. மிசோரத்தில் புகையிலைப் புகையை நீரில் ஊறச்செய்து வாயில் கொப்புளிக்கும் துயிபூர் வழங்குகிறது. மும்பையில் 1,200-க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2004-இல் வெளியான ஆராய்ச்சி, இவ்வாறு புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைவாகவும், ஆறு நாட்களுக்குச் சற்று மேற்பட்டு முன்னதாகவும் பிறந்தன என்று காட்டியது. நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நுரையீரலுக்குப் புகை போகாமையால் இவ்வினை நின்றுவிடுவதில்லை.

களப்பணியாளர்க்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. 'நீ புகையிலை போடுகிறாயா, அம்மா?' என்று கேட்டால், மிஷ்ரி தேய்ப்பவள் 'இல்லை' என்றே விடையிறுப்பாள். அவள் பொய் கூறவில்லை. அவள் எண்ணத்தில் அது பற்பொடி. 'காலையில் பல்லுக்கு என்ன தேய்க்கிறாய்? ஒரு நாளைக்கு எத்தனை முறை?' என்று கேட்பதே முறை. நாளைக்கு ஐந்து முறை பல் துலக்குகிறேன் என்று ஒருத்தி சொன்னால், அவளிடம் மேலும் பேச வேண்டும்.

மதுவைப் பற்றி நெடிது உரைக்கத் தேவையில்லை. கருவுற்ற காலத்தில் தீங்கற்ற அளவு இன்னதென்று எவரும் வரையறுத்ததில்லை. ஆதலின் 'மிதமாக' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் அங்கே கையாளலாகாது.

மருந்துகள் பற்றியோ மிகுந்த எச்சரிக்கையோடு எழுத வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை இருபுறமும் வெட்டும். மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தீங்கற்ற உறக்க மருந்து என்று விளம்பரம் செய்யப்பட்டது. காலைக் குமட்டலுக்காக அதனை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைபட்ட குழந்தைகள் பிறந்தன. 1961-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே அது திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர். அமெரிக்காவில் பிரான்சிசு கெல்சி என்னும் அதிகாரி, கொடுக்கப்பட்ட சான்றுகள் போதா என்று கூறி அனுமதி மறுத்தமையால், அந்நாட்டில் மிகப் பலர் தப்பினர். அன்று முதல் நாம் கற்ற பாடம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கர்ப்பிணி எதனையும் உட்கொள்ளலாகாது என்பது. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இன்றும் அத்தகைய கொடிய மருந்துகளுள் ஒன்று.

ஆனால் 'மருந்துகளைத் தவிர்க்கவும்' என்று மொட்டையாக எழுதிவிட்டால் விளைவு வேறு. வலிப்பு நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் தைராய்டுக் குறைவுக்கும் நெடுநாளாக மருந்து உண்டுவரும் பெண், அவ்வரியைப் படித்துத் தானே நிறுத்திவிட்டால், நோய் முற்றித் தாயும் சேயும் இடருறுவர். வலிப்பு மருந்துகளிலும் வால்ப்ரோயேட்டு போன்றவை கருவுக்குத் தீங்கு செய்வன. அவற்றைக் கருவுறும் முன்னரே மருத்துவர் மாற்றித் தர வேண்டும். பெண் தானே கைவிடுதல் கூடாது. 'மருத்துவரைக் கேளாமல் எதனையும் தொடங்காதீர். கேளாமல் எதனையும் நிறுத்தாதீர்' என்று இரண்டு வாக்கியமாக எழுதுவதே சரி. இரண்டாம் வாக்கியம் இல்லாத அறிக்கைகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன.

எக்ஸ் கதிரைப் பற்றியும் இவ்வாறே. கருவுற்ற காலத்தில் வயிற்றுப் பகுதியில் எடுக்கப்பட்ட படங்களுக்கும், பின்னாளில் குழந்தைகளுக்கு வந்த புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆக்ஸ்போர்டில் ஆலிசு ஸ்டூவர்ட் 1956-இல் வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தனர். பின்னர் அது உறுதிப்பட்டது. கருவுற்றிருப்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது இதனால் வந்த விதி. எனினும் காசநோய் ஐயமுள்ளவளுக்கு, வயிற்றை மறைத்து எடுக்கும் மார்புப் படத்தால் குழந்தையைச் சேரும் கதிர் மிகச் சொற்பம். கண்டறியப்படாத காசநோயே பெருங்கேடு. வயிற்றை அலகிடும் ஸ்கேன் கருவி ஒலியலைகளால் இயங்குவது; எக்ஸ் கதிர் அதில் இல்லை. இதனைத் தெளிவாகச் சொன்னால் ஸ்கேனுக்கு அஞ்சி வராதிருப்போர் குறைவர்.

பிறநாட்டுப் பட்டியல்களைப் பார்த்து எழுதப்பட்ட மூல அறிக்கைகளும் எங்களிடம் வருவதுண்டு. பூனையின் மலத் தட்டைத் துப்புரவு செய்யாதீர் என்றும், மென்பாலாடைக் கட்டியை உண்ணாதீர் என்றும் அவற்றில் காணப்படும். காரணம் பொய்யன்று. முன்னதில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும், காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக் கட்டியில் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரும் இருக்கக் கூடும். இரண்டும் கருவைத் தாக்குவன. ஆனால் மலத் தட்டு வைத்துப் பூனை வளர்க்கும் இல்லங்கள் நம் ஊர்ப்புறங்களில் எத்தனை? அதே அறிவை இங்கே, பாலைக் காய்ச்சாமல் பருகாதீர், கீரையை நன்கு கழுவி வேகவைத்து உண்ணுங்கள், மண்வேலை செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள் என்று சொல்ல வேண்டும்.

இதுவரை கூறியவை ஓரளவேனும் அவள் கையில் உள்ளவை. அவள் கையில் இல்லாதவற்றுக்குத் தில்லி மாநகரமே சான்று. 1955-ஆம் ஆண்டின் இறுதியில், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தருகே சாக்கடை நீர் கலந்துவிட்டது. சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. பிறரைவிடக் கருவுற்ற பெண்களே மிகுதியான விகிதத்தில் மாண்டனர். அக்காலத்தில் அதற்குக் காரணம் விளங்கவில்லை. பின்னாளில் 1983-இல் இனங்காணப்பட்ட ஈ வகைக் கல்லீரல் அழற்சி வைரசே அதற்குக் காரணம் என்று அறியப்பட்டது. கருவுற்றோரை, அதிலும் கடைசி மூன்று மாதத்தினரை, அது கொடுமையாகத் தாக்கும். அன்றைய தில்லியில் 'தூய்மையற்ற நீரைத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன? குழாய் நீரைக் குடித்த பெண் எந்த விதியையும் மீறவில்லை. கொதிக்கவைத்த நீரைப் பருகுக என்று அவளிடம் சொல்லுவது கடமையே. சாக்கடைக்கும் குடிநீருக்கும் இடையே தூரம் வைப்பது நகராட்சியின் பொறுப்பு. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும்.

அடுப்புப் புகையும் அத்தகையதே. 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னர் எரிவாயு பெற்ற வீடுகள் பெருகின. ஆயினும் 2019–21 கணக்கெடுப்பின்போது தூய எரிபொருளால் சமைத்த வீடுகள் 58.6 விழுக்காடே. உருளை வந்த வீட்டிலும், அதனை மீண்டும் நிரப்பப் பணம் தருவது யார் என்னும் கேள்வி உண்டு. பெரும்பாலான இல்லங்களில் அம்முடிவு பெண்ணுடையதன்று. கணவன் வீட்டினுள் பிடிக்கும் பீடிப் புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கடின வேலையைப் பொறுத்தவரை, 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் பிரசவத்துக்கு முந்திய காலத்தில் கடும் உழைப்பு வாங்கலாகாது என்று முதலாளியை நோக்கியே விதித்தது. சட்டம் எழுதியவர்களுக்கு எழுவாய் யார் என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் மேஸ்திரியின்கீழ் நாட்கூலிக்குக் கல் சுமப்பவளுக்கு முதலாளி யார் என்பதே தெளிவாயிராது.

ஆசிரியர்களின் பங்கு இவ்வனைத்துக்கும் முற்பட்டது. கருவின் முதுகுத் தண்டுக் குழல் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பெண் தான் கருவுற்றதைத் திண்ணமாக அறிவதற்குள் அது முடிந்துவிடும். ஃபோலிக் அமிலம் அக்குறைபாட்டைப் பெரிதும் தடுக்கும் என்பது ஏழு நாடுகளில் நடந்து 1991-இல் வெளியான சோதனையால் நிலைநாட்டப்பட்டது. கருவுறும் முன்னரே நாளைக்கு 400 மைக்ரோகிராம் தொடங்குவதுதான் பயன் தரும். மூன்றாம் மாதத்தில் பெயர் பதிவு செய்யும்போது கொடுக்கும் அறிவுரை இதற்குக் காலங்கடந்தது. ஜெர்மன் அம்மை எனப்படும் ருபெல்லாவும் அவ்வாறே. கருவுற்ற முதல் மாதங்களில் அது தாக்கினால் குழந்தைக்குக் கண்புரை வரும் என்பதை ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் 1941-இல் கண்டறிந்தார். கருவுற்றபின் அதற்குத் தடுப்பூசி போடலாகாது; முன்னரே போட்டிருக்க வேண்டும். 2017-இல் தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய பகுதிகளில் தொடங்கிப் பள்ளிகளிலேயே பெரிய அளவில் அத்தடுப்பூசி போடப்பட்டபோது, பெற்றோரின் ஐயங்களுக்கு விடையிறுத்து இசைவு பெற்றவர்கள் ஆசிரியர்களே. அன்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமியருள் மூத்தவர்கள் இன்று தாயாகும் வயதினர்.

எனவே அறிக்கைகளை வெளியிடுவோர்க்கு என் வேண்டுகோள் இது: தவிர்க்க வேண்டியவற்றை ஒரே நிரலில் அடுக்காமல், தாய், கணவன், மாமியார் முதலிய வீட்டார், பஞ்சாயத்து, பணியாளர் என்று கட்டம் பிரித்து அச்சிடுக. அறிக்கை நீண்டுவிடும் என்று அலுவலக நண்பர்கள் கூறுவர். நீளாது; அதே வரிகள் உரியவர்களிடையே பிரியும். பஞ்சாயத்தின் கட்டத்தில் குடிநீரும் கழிவுநீரும் இடம்பெறும். மாமியார் கட்டத்தில் 'கடைசி மூன்று மாதம் மருமகளின் உணவைக் குறைத்தலாகாது' என்பது முதல் வரியாகும். கணவன் கட்டத்தில் வீட்டினுள் பீடி, அடுப்புக்கு எரிவாயு, நீர்க்குடம் தூக்குதல், மருத்துவமனைக்கு ஊர்தி ஆகியவை வரும்.

கணவனைச் சந்திப்பது எப்படி என்பது களப்பணியாளர் எழுப்பும் நியாயமான வினா. ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீட்டுக்குச் செல்லும் பகல் வேளையில் அவன் வேலைக்குப் போயிருப்பான். 2016 முதல் பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் 9-ஆம் நாள் நடைபெறும் பரிசோதனை முகாம்களுக்குக் கணவனோ மாமியாரோ துணையாக வருவதுண்டு. உள்ளே பெண்ணைப் பரிசோதிக்கும் நேரம் முழுவதும் அவர்கள் வெளித் திண்ணையில் வாளாவிருப்பர். அவரவர்க்குரிய கட்டத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டப் பத்து நிமிடம் போதும்.